உள்ளே நான்கு, வெளியே ஐந்து

"செவ்வாய், 18 மார்ச். உள்ளே போனவை: ஸ்க்ரூடிரைவர் 4, குறடு 2, டார்ச் 1, பிரஷ் 1, துணி 3, மூக்குக்கண்ணாடி 1, நான் 1. வெளியே வந்தவை: ஸ்க்ரூடிரைவர் 4, குறடு 2, டார்ச் 1, பிரஷ் 1, துணி 3, மூக்குக்கண்ணாடி 1, நான் 1."

என் கோப்பில் இருக்கும் முப்பத்தாறு தாள்களில் இது முதலாவது. எல்லாமே ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. தாள்கள், தேர்வில் மிச்சமான விடைத்தாள்களின் வெற்றுப் பக்கங்கள். ஒவ்வொன்றிலும் கிழமை உண்டு, தேதி உண்டு. வருடம் கிடையாது. முப்பத்தைந்து தாள்களில் போனதும் வந்ததும் ஒத்துப்போகின்றன. ஒன்றில் ஒத்துப்போகவில்லை. அந்த ஒரு தாளுக்காகத்தான் அவர் மற்ற முப்பத்தைந்தையும் எழுதினார் என்பது எனக்குத் தாமதமாகத் தெரிந்தது.

மைசூரின் வெளிவட்டச் சாலையை ஒட்டியிருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் நூலகராக இருந்து ஓய்வு பெற்றேன். போகிறவனைச் சும்மா போக விடுவானேன் என்று, கல்லூரியின் வரலாற்றை எழுதும் பொறுப்பைச் செயலாளர் என்னிடம் கொடுத்தார். கல்லூரிக்கு வயது இருபத்துச் சொச்சம். அதன் கேன்டீன் எண்ணெய்க்கு அதைவிட நீண்ட வரலாறு இருக்கும். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். எனக்குத் தேதிகள் பிடிக்கும். தேதிகளுக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

கேன்டீனுக்கும் இருசக்கர வண்டி நிறுத்தத்துக்கும் நடுவே ஒரு பழைய போர் விமானம் நின்றது. ஒற்றை இருக்கை ஜெட். படையில் வேலை முடிந்தபின் காட்சிக்கு வைக்கக் கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து அதற்குச் செய்யாத மரியாதை இல்லை. முதல் வருடம் கல்லூரி நிறமான ஆரஞ்சு அடித்தார்கள். அடுத்த வருடம் வால் பகுதியில் இருந்த எண்ணை அழித்துவிட்டுச் செயலாளரின் கார் எண்ணை எழுதினார்கள். காக்பிட்டில் கருவிகள் கழற்றப்பட்ட வட்ட ஓட்டைகள் அசிங்கமாகத் தெரிகின்றன என்று யாரோ சொல்ல, நுண்கலைக் குழு அவற்றில் ஆறு சுவர்க் கடிகாரங்களைப் பொருத்தியது. இருக்கைக்கு சோபா தைப்பவரிடம் சொல்லி சிவப்பு ரெக்சின் போட்டார்கள். அதில் உட்கார்ந்து பார்த்தால் வானத்துக்குப் போகிற உணர்வு வராது. பல் மருத்துவர் வரக் காத்திருக்கிற உணர்வு வரும்.

அந்தத் தாள்களை எழுதியவர் முதலில் வந்தது பேத்தியின் சேர்க்கைக்காக. கட்டணம் கட்டும் வரிசையில் நிற்காமல், பெயின்டர் விட்டுப்போன ஏணியை எடுத்துச் சாய்த்து விமானத்தில் ஏறினார். இருக்கைக்குப் பின்னால் கையை விட்டு எதையோ துடைத்தார். குனிந்து படித்தார். இறங்கி நேராக நூலகத்துக்கு வந்தார், அங்கேதான் மின்விசிறி ஓடியது என்பதால்.

"அந்த விமானத்த ஆருங்க பாத்துக்கறாங்க?" என்று கேட்டார். கொள்ளேகால் பக்கத்துத் தமிழ். கேட்டவுடன் தெரிந்துவிடும்.

"யாரும் இல்லை."

"தெரியுதுங்க. அதுல ஆறு கடிகாரம் ஓடுது, ஆறும் ஆறு நேரம் காட்டுது. எந்த நாட்டு நேரத்துக்குங்க கீழ எறங்கறது?"

படையில் கருவிப் பிரிவில் மெக்கானிக்காக இருந்தவர். காக்பிட்டில் விமானியின் கண்ணுக்கு எதிரே இருக்கும் முள்ளும் வட்டமும் எல்லாம் அவர் பொறுப்பு. ஊதியம் வேண்டாம், காக்பிட்டைப் பழையபடி ஆக்கித் தருகிறேன் என்றார். 'ஊதியம் வேண்டாம்' வரை கேட்ட செயலாளர் மீதியைக் கேட்காமலே சம்மதித்தார்.

செவ்வாயும் வெள்ளியும் வருவார். ஒன்பதரை மணிக்கு ஏணி அடியில் ஒரு பழைய படுக்கை விரிப்பை விரித்து, கொண்டுவந்ததையெல்லாம் பரப்பி, எண்ணி, எழுதி, பிறகு ஏறுவார். ஒரு மணிக்கு இறங்கி, பரப்பி, எண்ணி, எழுதி, பிறகு சாப்பிடப் போவார். இடையில் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை மறந்துவிட்டு ஏறியிருந்தால் யாராவது அதை எடுத்து நீட்டக் கூடாது. அவரே இறங்கி வந்து, தாளில் சேர்த்து, எடுத்துக்கொண்டு ஏறுவார்.

அவருக்கு வேதம், தத்துவம், வாழ்க்கைக் குறிக்கோள் எல்லாம் இரண்டே சொல்: "போனது வரோணும்." விமானத்துக்குள் மறந்து வைத்த ஒரு சின்னத் திருகாணி, விமானம் தலைகீழாகத் திரும்பும்போது உருண்டு போய்ச் சுக்கானின் கம்பியில் சிக்கினால் ஒரு விமானியும் ஒரு விமானமும் போய்விடும். ஆகவே படையில் மாலையில் கருவிப் பலகையைப் பார்ப்பார்களாம். ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவம் கறுப்பில் வரையப்பட்டிருக்கும். எதன் உருவம் வெறுமனே தெரிகிறதோ அது திரும்பவில்லை. அது கிடைக்கும் வரை விமானம் நகராது. நியாயமான ஏற்பாடு. இவர் அதை ஓய்வுக்குப் பிறகு வீட்டுச் சமையலறையில் அமல்படுத்தியதுதான் பிரச்சினை.

சமையலறைச் சுவரில் கரண்டி, இடுக்கி, பூரிக்கட்டை, தேங்காய்த் துருவி எல்லாவற்றுக்கும் கறுப்பில் உருவம் வரைந்திருந்தார். முதல்முறை காபிக்குப் போனபோது நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். சிரிக்காமல் சொன்னார்: "பாருங்கண்ணா, நல்லாப் பாருங்க. சும்னே ஒரு கரண்டி எடுத்துக் கைல வெச்சிருந்தாக் கூட 'எங்க போச்சு'ன்னு கேப்பாரு. நான் நிக்கிற எடத்துல மட்டும் இன்னும் கோடு போடல. கேட்டா, 'நீ எங்கயும் போக மாட்டே'ங்கறாரு."

"போக மாட்டாதானுங்களே," என்றார் இவர், உண்மையை மட்டும் பேசுகிறவரின் அமைதியோடு.

திருமணங்களுக்கு வேனில் போனால், திரும்பும்போது தலைகளை எண்ணுவார். ஒருமுறை ஒன்று கூடுதலாக இருந்தது. வேறு கல்யாணத்துக்காரர் ஒருவர் வசதியாக உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். குறைந்தால்தானே பிரச்சினை, கூடினால் என்ன என்று டிரைவர் கேட்டதற்கு, "கூடுனாத்தானுங்க பெரிய பிரச்சன. ஒரு எடத்துல கூடுதுன்னா இன்னொரு எடத்துல ஒருத்தன் தேடிக்கிட்டிருக்கான்னு அர்த்தம்" என்றார். அன்று அதை ஒரு நகைச்சுவையாக என் குறிப்பேட்டில் எழுதினேன். அதை எழுதிய பக்கத்தின் ஓரத்தில் இப்போது ஒரு நட்சத்திரக் குறி போட்டிருக்கிறேன்.

வருடம் ஏன் எழுதுவதில்லை என்று கேட்டேன். "போடுங்க சார். நாளைக்கு ஆராய்ச்சி பண்றவனுக்கு உதவும்."

"நாளைக்கு இத ஆராய்ச்சி பண்றவன் உருப்பட மாட்டானுங்க. அவனுக்கு நான் எதுக்கு உதவோணும்?"

அந்த ஆராய்ச்சிக்காரன் நான்தான் என்பதை அவர் அறிந்தே சொன்னார்.

காக்பிட் மெல்ல மெல்ல மனிதனாகியது. கடிகாரங்கள் ஆறும் நுண்கலைக் குழுவிடம் எண்ணி ஒப்படைக்கப்பட்டன, கையெழுத்து வாங்கிக்கொண்டு. பெங்களூரின் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து உயரமானி, வேகமானி, செயற்கை அடிவானம் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். விமானத்தைத் திருப்பும் கைக்கம்பத்தின் அடியில் கிழிந்துபோன ரப்பர் உறையின் இடத்தில் தேவராஜ மார்க்கெட் பக்கம் செருப்புத் தைப்பவரிடம் தோலில் ஒரு உறை தைத்து வாங்கினார். அளவு சரியில்லை என்று மூன்று முறை திருப்பிக் கொடுத்தார். "இந்தக் காலு எந்தச் சாமிக்குங்க சார்?" என்று தைத்தவர் கேட்டாராம். ஒவ்வொரு விசையின் அடியிலும் இருக்க வேண்டிய சிறிய வெள்ளை எழுத்துகளை ஒற்றை மயிர் பிரஷால் எழுதினார். பறக்காத விமானத்தில், யாரும் படிக்காத இடத்தில், தவறாமல்.

சிவப்பு ரெக்சினை அகற்றி இருக்கையைக் கழற்றியபோது கீழே கிடைத்தவற்றின் பட்டியல் ஒன்பதாவது தாளில் இருக்கிறது: புறாக்கூடு 1, ஹேர்கிளிப் 7, அடையாள அட்டை 2, கடலைப் பொட்டலம் 4, தேர்வு பிட்டு (எண்ணவில்லை, சங்கடமாக இருக்கிறது), கடிதம் 1 (படிக்கவில்லை). அடையாள அட்டைக்காரர்கள் இருவரையும் வகுப்பில் தேடிப் பிடித்துக் கொடுத்தார். அதில் ஒருவன் படிப்பு முடித்து அங்கேயே விரிவுரையாளர் ஆகியிருந்தான். கடிதத்தை என்னிடம் கொடுத்தார். நான் படித்தேன். அவருக்கு நாகரிகம் இருக்கலாம். எனக்கு ஆவணம் முக்கியம். இயந்திரவியல் துறை மாணவன், மின்னணுவியல் துறை மாணவிக்கு. பதில் வந்ததா என்று கோப்பில் இல்லை.

செயலாளர் செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் காரை மெதுவாக்கிக் கண்ணாடியை இறக்கி ஒரே கேள்வி கேட்பார். பேச்செல்லாம் கன்னடத்தில்தான், நான் தமிழில் தருகிறேன். அந்த ஒரு சொல்லை மட்டும் அப்படியே வைக்கிறேன்.

"ஏரோப்ளேன் சாரே, ஆய்த்தா?"

முடிந்ததா என்று பொருள். மைசூரில் சாப்பாட்டிலிருந்து சமாதி வரை எல்லாவற்றுக்கும் இதுவே கேள்வி.

"இல்லைங்க, இன்னும் தரை பாக்கி."

"தரையா? தரையை யார் பார்க்கப் போகிறார்கள்? நீல விளக்கு போடுங்கள். பொத்தானை அழுத்தினால் 'டுர்ர்' என்று சத்தம் வர வேண்டும். பிள்ளைகள் செல்ஃபி எடுப்பார்கள்."

"சத்தம் வேணும்னா உங்க கார இங்க நிறுத்தி வெச்சிரலாமுங்க. நம்பரும் ஒண்ணுதான்."

செயலாளர் சிரித்துவிட்டார். ஊதியம் வாங்காதவனின் கிண்டல் யாரையும் சுடாது.

சிவப்பு ரெக்சின் போய், கருவிகள் வந்து, வண்ணம் அடித்து முடிந்தபின்னும் அவர் தரையை விடவில்லை. இடது காலடிப் பெடலுக்குக் கீழே ஒரு தகடு. அதன் திருகுகள் துருவோடு துருவாகிப் போயிருந்தன. வாரத்துக்கு ஒரு திருகு வீதம், எண்ணெய் ஊற்றி, காத்திருந்து, துளையிட்டு எடுத்தார். ஜூன் 27, வெள்ளிக்கிழமை திறப்பு விழா என்று செயலாளர் அறிவித்தார். தச்சர் வந்து தரைமேல் ஒட்டுப் பலகை அடித்து மூடிவிடுவார் என்றும் சொன்னார். அன்றுதான் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"மூடக் கூடாதுங்க," என்றார் என்னிடம், நூலகத்துக்கு வந்து.

"தகட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?"

"ஒண்ணும் இல்லைங்க. ஒண்ணும் இல்லேன்னு நான் பாக்கோணும்."

புதையல் இருக்கிறது என்று தோண்டுகிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இல்லை என்று தோண்டுகிறவரை அன்றுதான் பார்த்தேன். அதன் காரணத்தை அவர் சொல்லவில்லை. அவர் மனைவி சொன்னார். கணவர் கடைக்குப் போன நேரம் பார்த்து, கோடு போடாத இடத்தில் நின்றபடி.

படையில் அவருக்கு ஒரு கூட்டாளி. அதே கொள்ளேகால் பக்கம். கருவிக் கிடங்கின் பொறுப்பாளர். நட்பு முற்றிப்போய் அவருக்கே தன் தங்கையைக் கட்டிக் கொடுத்தார். கல்யாணம் ஆன அடுத்த வருடம் ஒரு நாள், இவர் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை வாங்கிப் போய், ஒரு விமானத்தில் ஒரு கருவியை மாற்றிவிட்டு வந்தார். மாலையில் பலகையில் அதன் உருவம் வெறுமனே இருந்தது. "உன் கையில குடுத்தேன்" என்றார் இவர். "குடுக்கல" என்றார் மாப்பிள்ளை. இருக்கையைக் கழற்றி இரண்டு நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை. கடைசியில், விமானத்தில் இல்லை என்று மேலதிகாரி எழுதிக் கொடுத்து விமானம் பறந்தது. இவருடைய சர்வீஸ் தாளில் கவனக்குறைவு என்று சிவப்பு மையில் ஒரு வரி ஏறியது. பதவி உயர்வு தள்ளிப்போனது.

"அது கூடப் பரவால்லண்ணா. 'அவன் பொய் சொல்லிட்டான், எங்கயோ தொலச்சிட்டு என் தலையில கட்டிட்டான்'னு அன்னைக்கு நிறுத்தின பேச்சு. நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. நாத்தனாரு எத்தனையோ கெஞ்சிப் பாத்துச்சு. அது செத்தப்பக் கூட ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா நின்னாங்க, அதத் தூக்க மட்டும் சேந்தாங்க. இந்த விமானம் அந்த விமானந்தான். வந்த அன்னைக்கே நம்பரப் பாத்துட்டாரு."

இருக்கைக்குப் பின்னால் அவர் துடைத்துப் படித்தது ஒரு சிறு எண் தகட்டைத்தான். படை கொடுத்த உண்மையான எண் அதில் இருந்தது. வால் எண்ணை மாற்றியவர்களுக்கு அங்கே கை எட்டவில்லை.

ஆக, விஷயம் இவ்வளவுதான். தரைத் தகட்டுக்கு அடியில் ஒன்றும் இல்லையென்றால் மாப்பிள்ளை பொய்யர். இருந்துவிட்டால், நாற்பது வருடமாகப் பேசாமல் இருந்ததற்கு இவர் வேறு காரணம் தேட வேண்டும். மாப்பிள்ளை நஞ்சன்கூட்டில் மகளோடு இருக்கிறார். பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

நான் வாழ்நாளில் செய்த ஒரே துரோகத்தை அப்போது செய்தேன். பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போனேன். "ஜூன் 27 நல்ல நாள்தான். ஆனால் முந்தின நாளே ஆஷாடம் பிறந்துவிடுகிறது" என்றேன். ரோபோ ஆய்வகத்துக்கும் எலுமிச்சம்பழம் வெட்டித் திறப்பவர் அவர். நமக்கு ஆடி போல அவர்களுக்கு ஆஷாடம்; அதில் புதிதாக ஒன்றைத் தொடங்குவதாவது! விழா ஆகஸ்ட் முதல் தேதிக்குத் தள்ளிப்போனது. தச்சரும் போனார். பஞ்சாங்கத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அதைப் போல வேலை வாங்கத் தெரிந்த அதிகாரியை நான் கண்டதில்லை.

முப்பத்தாறாவது தாள்: "வெள்ளி, 18 ஜூலை." ஆஷாட வெள்ளி. பாதிக் கல்லூரி சாமுண்டி மலையில் வரிசையில் நின்றது. வளாகத்தில் நானும் அவரும் கேன்டீன் பூனையும்தான். பதினொன்றரை மணிக்குக் காக்பிட்டில் துளைக்கும் சத்தம் நின்றது. பன்னிரண்டு வரை எந்தச் சத்தமும் இல்லை. கூப்பிட்டேன். எனக்கு ஏணி பழக்கமில்லை; ஏறினேன்.

இடது பெடலின் அடியில், சட்டத்துக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே கையை விட்டு எடுத்ததைத் துணிமேல் வைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். விரல் நீளத்துக்குச் சின்ன ஸ்க்ரூடிரைவர். பழைய கிரீஸும் துருவும் சேர்ந்து கறுத்துக் கிடந்தது.

"எத்தன பேரு இதுல பறந்துருப்பாங்க," என்றார். என்னைக் கேட்கவில்லை.

"ஒன்றும் ஆகவில்லையே சார்."

"ஒண்ணும் ஆகலேங்கறது விமானத்தோட நல்ல மனசுங்க. என்னோடது இல்ல."

இறங்கி வந்து விரிப்பில் பரப்பினார். எண்ணினார். தாளில் எழுதினார். உள்ளே: ஸ்க்ரூடிரைவர் 4. வெளியே: ஸ்க்ரூடிரைவர் 5. குறடு, டார்ச், துணி எல்லாம் சரி. உள்ளே என்ற பக்கத்தில் 'நான் 1' இருக்கிறது. வெளியே என்ற பக்கத்தில் அது இல்லை. மறந்துவிட்டார். ஆவணப்படி அவர் இன்னும் காக்பிட்டுக்குள்தான் இருக்கிறார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கல்லூரிக்கு வரவில்லை. காலை எட்டரைக்கு என் வீட்டுக்கு வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். "நஞ்சன்கூடு போலாமுங்க. நீங்களும் வாங்க. சாட்சி வேணும்."

"எதற்குச் சாட்சி?"

"நான் போனேன்ங்கறதுக்கு. வீட்டுல நம்ப மாட்டாங்க."

கதவைத் திறந்த பெண் "மாமா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கூடத்தில் தங்கையின் படம். அதற்கு நேர் கீழே நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர். கண்புரை அறுவை ஆகி ஐந்தே நாள். மகள் கூப்பிட்டதை வைத்து ஆளைக் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். நாற்பது வருடத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் சொற்களை அன்றே குறித்துக்கொண்டேன்.

"செருப்ப வெளியவா விட்டே? நாய் தூக்கிட்டுப் போயிரும். ரெண்டையும் எண்ணி உள்ள வை."

இவர் போய் எடுத்து உள்ளே வைத்தார். எண்ணினாரா என்று நான் பார்க்கவில்லை. பிறகு ஸ்க்ரூடிரைவரைச் சுற்றிய துணிச் சுருளை மாப்பிள்ளை மடியில் வைத்தார்.

"எங்க இருந்துச்சு?"

"எடது பெடலுக்கு அடியில. சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவால."

"அங்கதான் நாம தேடினமே."

"நாம தேடல. நான் தேடினேன். நீ வெளிய நின்னு சிரிச்சே."

"சிரிக்கல மச்சான். டார்ச் புடிச்சேன்."

"ஆட்டி ஆட்டிப் புடிச்சே."

அந்தப் பெண் காபி கொண்டுவந்தாள். இரண்டு பேரும் காபியைத் தொடவில்லை. மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் நுனியிலிருந்து கைப்பிடி வரை தடவினார். கைப்பிடியில் வெட்டிய எண் இருந்தது. துருவில் கடைசி இலக்கம் மட்டும் தேறியது, ஏழு. அங்கே விரல் நின்றது.

"இது நம்முளுது இல்ல," என்றார்.

"என்ன?"

"நம்ம கிடங்குல நம்பரக் கம்பியிலதான் வெட்டுவோம். கைப்பிடியில இல்ல. அந்த விமானம் நமக்கப்புறம் வேற எடத்துக்கெல்லாம் போச்சில்ல? அங்க எவனோ போட்டது. நீ அன்னைக்கே என் கையில குடுத்துருப்பே மச்சான். நாந்தான் எங்கயோ வெச்சுத் தொலச்சிருப்பேன்."

இவர் நிமிர்ந்தார். படத்தைப் பார்த்தார். பிறகு ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சக்கர கூட," என்றார் அந்தப் பெண்ணிடம்.

கிளம்பும்போது ஸ்க்ரூடிரைவருக்காகக் கையை நீட்டினார். மாப்பிள்ளை தரவில்லை. தடவித் தடவி மேசை இழுப்பறையைத் திறந்து, உள்ளே வைத்து, மூடிவிட்டார்.

திரும்பும் பஸ் கடக்கொளா ஊரைத் தாண்டியது. நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வேண்டும் என்று, "பாருங்கள், நீங்கள் தொலைக்கவே இல்லை என்று அவரே சொல்லிவிட்டார்" என்றேன்.

"பொய் சொல்றானுங்க."

"சார், நாற்பது வருடமாக இதையே..."

"அன்னைக்கு அவன் பொய் சொல்லலைங்க. இன்னைக்குத்தான் சொல்றான். நம்பரு கைப்பிடியிலதான் இருக்கும். நான் பாத்துருக்கேன். அதுவும் போகட்டும். நம்முளுது இல்லேன்னா அத எதுக்குங்க வாங்கி உள்ள வெச்சான்?" சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கிடங்குக்காரனுங்க. வரவேண்டியது வந்துருச்சு, வெச்சுட்டான்."

ஆகஸ்ட் முதல் தேதி விழா நடந்தது. தலைமை விருந்தினராக வந்த பெரிய மனிதரைக் காக்பிட்டில் உட்கார வைப்பதற்கு முன் இவர் விரிப்பை விரித்து, பையில் இருப்பதையெல்லாம் வைக்கச் சொன்னார். மொபைல் 2, கைக்குட்டை 1, பேனா 1, மோதிரம் 4. பேனாவை மட்டும் கையெழுத்துப் போட வேண்டும் என்று திரும்ப வாங்கிக்கொண்டு விருந்தினர் ஏறினார். இறங்கியபோது பேனா இல்லை. "பரவாயில்லை, சாதாரணப் பேனாதான்" என்றார் அவர். "பேனா சாதாரணந்தானுங்க" என்று இவர் சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார். இருபது நிமிடம் விழா நின்றது. நாதஸ்வரக்காரர்கள் இரண்டாவது முறை தொடங்கினார்கள். செயலாளர் ஓரமாக வந்து என்னிடம் பல்லைக் கடித்தபடி "ஆய்த்தா?" என்றார். கடைசியில் விருந்தினர் மரியாதைக்காகச் சூட்டிய மைசூர்த் தலைப்பாகையைக் கழற்றியபோது, காதுமேல் செருகிய பேனா கிடைத்தது. அந்தத் தாளை விருந்தினரின் உதவியாளர் வாங்கிப் போய்விட்டார். என் கோப்பில் இல்லை.

கல்வெட்டுக்கு வாசகம் எழுதியது நான். 'எதிரிகளை நடுங்க வைத்த' என்று செயலாளர் சேர்க்கச் சொன்னதை, இடம் போதவில்லை என்று விட்டுவிட்டேன்.

காக்பிட்டின் வேலை முடிந்ததால் இப்போது அவர் கல்லூரிக்கு வருவதில்லை. செவ்வாயும் வெள்ளியும் நஞ்சன்கூடு போகிறார். காலையில் போய்ச் சாயங்காலம் வருகிறார். என்ன செய்கிறார் என்று அவர் மனைவியைக் கேட்டேன்.

"சண்டதாண்ணா. 'பொய் சொன்னேன்னு ஒத்துக்கோ'ன்னு இவரு. 'சொல்லவே இல்ல'ன்னு அவரு. நடுவுல ரெண்டு பேரும் சாப்டுக்கறாங்க. பாவம், அந்தப் பொண்ணு ரெண்டு நாளும் மூணு வேள சமைக்குது."

வருடமில்லாத இந்த முப்பத்தாறு தாள்களுக்கும் பின்பக்கத்தில் பென்சிலால் நானே வருடம் எழுதி வைத்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.

எஞ்சியிருப்பது ஒரு விவரம். அவர்கள் கிடங்கில் கருவிகளின் எண்ணைக் கம்பியில் வெட்டினார்களா, கைப்பிடியிலா? அந்தக் காலத்தில் அங்கே இருந்த இருவரைத் தேடிக் கடிதம் எழுதினேன். ஒருவர் கம்பி என்று பதில் எழுதினார். மற்றவர் கைப்பிடி என்று எழுதி, இதை ஏன் கேட்கிறீர்கள் என்றும் கேட்டிருந்தார். கிடங்கின் பதிவேடு எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டதாம். ஸ்க்ரூடிரைவரையாவது இன்னொரு முறை பார்க்கலாம் என்று சென்ற வாரம் நஞ்சன்கூடு போய்க் கேட்டேன். மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டிருந்தார். பார்வை நன்றாகத் தெளிந்திருந்தது. "எந்த ஸ்க்ரூடிரைவருங்க?" என்றார். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சான் நிமிரவில்லை.

ஆகவே அது எந்தக் கிடங்கினுடையது என்பது இதை எழுதும் நாள் வரை உறுதிப்படுத்தப்படவில்லை.